மெம்பர் கட்டின கொண்டித்தொழு

என் உழவெருது ரெண்டையும் சர்க்காரில் ஏலம் விட்டுவிட்டார்கள். நடந்த தப்பு அதுதான். மற்றதெல்லாம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவை.

காது கேட்கிறது தம்பி. நீங்கள் கேட்டது மெம்பர் அத்தப்பக் கவுண்டர் அவர்களுடைய ஜீவிய சரித்திரம். அவருடைய மகன்கள் செலவு பண்ணி அப்பன் பேரில் புத்தகம் போடுகிறார்கள், அதற்கு நாலு பேரை விசாரிக்க வந்திருக்கிறீர்கள். விசாரியுங்கள். ஆனால் என்னிடம் கேட்டால் என் எருதிலிருந்துதான் ஆரம்பிக்கும். வேறு மாதிரி வேண்டுமென்றால் வெயில் ஏறுவதற்குள் அடுத்த வீட்டுக்குப் போய்விடுங்கள்.

போகவில்லையா. அப்படியானால் உட்காருங்கள். அந்தக் கட்டிலில் வேண்டாம், அதற்கு ஒரு கால் சரியில்லை. கல்லில் உட்காருங்கள்.

அத்தப்பன் என் மச்சினன். என் வீட்டுக்காரிக்குத் தம்பி. நீங்கள் 'அவர்கள்' போட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான் போட மாட்டேன். மூக்குச் சிந்தத் தெரியாத நாளிலிருந்து அவனை எனக்குத் தெரியும்.

பிறந்தது இதே ஊத்துக்காட்டு வலசு. கம்பு போட்டான், சோளம் போட்டான், கிணற்றடியில் புகையிலை போட்டான். நல்ல வெள்ளாமைக்காரன்தான், இல்லையென்று சொல்லவில்லை. என்னைவிடவா என்று கேட்காதீர்கள். கேட்கவில்லையா. சரி.

மெம்பரானது எப்படி? ஒருநாள் தாசில்தார் இந்தப் பக்கம் வந்தார். தாலுகா போர்டு என்று ஒன்று புதிதாக வைத்திருக்கிறார்கள், கிழக்குப் பக்கத்துக்கு ஒரு குடியானவன் வேண்டும் என்றார். நிலவரி பாக்கி இல்லாதவனாக இருக்க வேண்டும். கையெழுத்துப் போடத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் படிப்பு. எனக்கும் கையெழுத்துப் போடத் தெரியும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான் கிணற்றுக்குள் சேறு எடுத்துக்கொண்டிருந்தேன். மேலே ஏறி, காலைக் கழுவி, தலைத்துணியை உதறிக் கட்டிக்கொண்டு போவதற்குள் அவன் மெம்பராகிவிட்டான். தாசில்தார் வண்டி போன புழுதிதான் மிச்சம்.

பொறாமையெல்லாம் கிடையாது. எனக்கு எதற்கு அந்தக் கோட்டு.

கோட்டு தைத்தான். கறுப்புக் கோட்டு, நம் ஊர் வெயிலுக்கு. அதைப் போட்டால் நனைத்துக் கட்டின புகையிலைச் சிப்பம் மாதிரி இருப்பான். முதல் தடவை போட்டுக்கொண்டு வாசலில் இறங்கினபோது அவன் வளர்த்த நாயே அவனைக் கடிக்க வந்தது. அதற்குப் பிறகு குடை வாங்கினான். மழைக்கு இல்லை, நாய்க்கு.

முதல் கூட்டம் முடிந்து வந்ததும் நான் போய்க் கேட்டேன்.

"அங்க என்ன மாப்பிள்ளை பேசினாங்க?"

"இங்கிலீசுல பேசினாங்க மச்சான்."

"நீ என்ன பண்ணினே?"

"தொரை ஒண்ணு சொன்னாரு, எல்லாரும் ஒரு கையைத் தூக்கினாங்க. நான் ரெண்டு கையையும் தூக்கிப் போட்டேன். கெடக்கட்டும்னு."

இப்படித்தான் நம் கிழக்குப் பக்கத்துக்கு ராஜாங்கம் நடந்தது. உங்கள் புத்தகத்தில் இது வராது. தெரியும்.

ஆனால் ஒன்று. கையை மட்டும் தூக்கிக்கொண்டிருந்தால் ஊர் சும்மா இருக்குமா. மேற்கே ஒரு மெம்பர் அவன் ஊருக்குப் பாலம் கொண்டுபோனான். இன்னொருத்தன் சத்திரம். இவன் என்ன கொண்டுவந்தான் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நானும் கேட்டேன். நான்தான் கொஞ்சம் அதிகமாகக் கேட்டேன் என்று அவன் அக்கா சொல்வாள். அவன் போய் போர்டில் நின்றபோது பாலமும் தீர்ந்துபோய்விட்டது, கிணறும் தீர்ந்துபோய்விட்டது. மீந்து கிடந்தது கொண்டித்தொழு ஒன்றுதான். அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். சந்தையில் கடைசியாகப் போனவன் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வருகிற மாதிரி.

நீங்கள் டவுன்காரர், சொல்லிவிடுகிறேன். அடுத்தவன் காட்டில் புகுந்து வெள்ளாமையைத் தின்கிற மாட்டுக்குக் கொண்டி மாடு என்று பேர். அதைப் பிடித்து அடைக்கிற இடம் கொண்டித்தொழு. சுற்றிலும் மதில், ஒரு கேட்டு, ஒரு பூட்டு, சம்பளத்துக்கு ஒரு ஆள். மாட்டுக்காரன் வந்து, ஆமாம் என் மாடுதான், தின்றது நிஜம்தான் என்று சொல்லி அபராதம் கட்டினால் மாட்டை விடுவார்கள். வராவிட்டால் தண்டோரா. கெடு தாண்டினால் ஏலம்.

நம் பக்கத்தில் இதற்கு வேலையே கிடையாது. ஒவ்வொரு காட்டுக்கும் கிளுவை வேலி. அதையும் மீறி ஒரு மாடு புகுந்துவிட்டால் காட்டுக்காரன் என்ன பண்ணுவான்? மாட்டை மெள்ள ஓட்டிக்கொண்டு மாட்டுக்காரன் வாசலுக்கே வருவான். "உங்க மாடு எங்க ஊட்டுக்கு விருந்துக்கு வந்துச்சுங்க, கொண்டாந்து உட்டுட்டுப் போறனுங்க" என்பான். அவனை உட்காரவைத்து மோர் கொடுப்பார்கள். மறுநாள் காலையில் இவன் ஏர் அவன் காட்டில் உழுதுகொண்டிருக்கும். முடிந்தது. கொண்டி என்ற வார்த்தை யார் வாயிலும் வராது. ஒருதரம் ஒருத்தன் வாயில் வந்தது. அந்த ரெண்டு வீட்டுக்கும் இன்றைக்கு வரைக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது.

இப்படிப்பட்ட ஊரில் கொண்டித்தொழு. கல் மதில், நல்ல வேலைப்பாடு. காவலுக்கு அனந்த பிள்ளை என்று ஒருத்தரைத் தாலுகா ஊரிலிருந்து அனுப்பினார்கள். பாயும் இருமலுமாக வந்து இறங்கினார். மாடு ஒன்றும் வரவில்லை. சும்மா இருக்கிற இடம்தானே என்று அவர் உள்ளே பூசணி போட்டார். நன்றாகக் காய்த்தது. ஊரில் பாதிப் பேர் கொண்டித்தொழுப் பூசணி தின்றவர்கள்.

வருமானம் இல்லை, ஏன் என்று போர்டில் கேட்டார்கள். அத்தப்பனுக்கு வேர்த்துவிட்டது. தன் மாட்டையே பிடித்துக் கொண்டுபோய் அடைத்தான். தன் காட்டையே தின்றது என்றான். தானே அபராதம் கட்டி, தானே ஓட்டிக்கொண்டு வந்தான். பிள்ளை அப்படியே எழுதிவைத்தார், மனுஷனுக்குப் பொய் எழுத வராது. கூட்டத்தில் துரை அதைப் படித்துவிட்டு, "மெம்பர் மாடு மெம்பர் காட்டை மேய்ந்தது, மெம்பர் மெம்பரை மன்னிக்கவில்லையா?" என்று கேட்டாராம். எல்லாரும் சிரித்தார்களாம். சிரித்தது எந்த பாஷை என்று இவனுக்குப் புரிந்திருக்கிறது.

பிறகு தாக்கீது வந்தது. துரையே நேரில் பார்க்க வருகிறார். தொழு காலியாகக் கிடந்தால் மூடிவிடுவார்கள். பிள்ளைக்கு வேலை போகும். இவனுக்கும் மெம்பர் கெடு முடிகிற சமயம், மறுபடி பேர் வராது.

அன்றைக்குச் சாயங்காலம் அத்தப்பன் என் வாசலுக்கு வந்தான். கோட்டு இல்லாமல் வந்தான். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"மச்சான், எருது ரெண்டையும் ஒரு பொழுதுக்குக் குடுக்கோணும்."

"எதுக்கு?"

"தொழுவுல நிக்கட்டும். தொரை பாத்துட்டுப் போனதும் நானே கொண்டாந்து கட்டிடறேன்."

"எம் மாடு கொண்டி மாடா?"

"ஆரு சொன்னா? தொரைக்கு எதோ ரெண்டு மாடு தெரியோணும். வத்தலும் தொத்தலுமா நிறுத்தினா நம்ம ஊருக்குத்தான் கேவலம். இந்தத் தாலுகாவுல மாடுன்னா உங்க மாடுதான். தொரை குதிரையை விட்டு எறங்கி நின்னு பாப்பாரு."

அவன் பொய்யனாக இருந்தாலும் அந்த ஒரு வார்த்தை நிஜம். சாம்பல் நிறத்து மயிலை ஒன்று, கறுத்த காரி ஒன்று. மயிலைக்குத் திமில் இப்படி. காரி கொஞ்சம் முன்கோபி. என்னைப் போல என்பாள் வீட்டுக்காரி, அவளுக்கு எதையாவது சொல்ல வேண்டும். ரெண்டும் என் வீட்டில் பிறந்து நான் வளர்த்த கன்றுகள். என் இருமல் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கும்.

சரி, ஒரு பொழுதுதானே என்றேன்.

மறுநாள் காலையில் ரெண்டையும் கிணற்றடியில் தேய்த்துக் குளிப்பாட்டினேன். கொம்புக்கு எண்ணெய் போட்டேன். பித்தளைக் குப்பி மாட்டினேன். கழுத்துக்கு மணி. வீட்டுக்காரி சாணிக் கூடையோடு நின்று பார்த்தாள்.

"ஏனுங்க, இது கொண்டித்தொழுவுக்கு அனுப்பறதா, கண்ணாலத்துக்கு அனுப்பறதா?"

"பேசாம இரு."

"தின்ன மாடு மணி கட்டிட்டுப் போய்த் தின்னுச்சாம்னு சிரிக்க மாட்டாங்களா?"

"உன்ற தம்பிதான் கேட்டான்."

"அவன் கேட்பான். நீங்க குடுக்கறீங்க. ரெண்டு பேருக்கும் சேத்து ஆண்டவன் ஒரு மண்டைதான் வெச்சிருக்கறான்."

பெண்பிள்ளை பேச்சு. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

துரை வந்தார். பூசணிக் கொடியெல்லாம் முந்தின நாளே பிடுங்கியாகிவிட்டது. ஊரே வந்து மதிலைச் சுற்றி நின்றது. நான் வேண்டுமென்று போகவில்லை, அந்தப் பக்கமாக ஒரு வேலை இருந்தது. துரை குதிரையை விட்டு இறங்கினார். மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். மயிலையின் திமிலில் கை வைத்துப் பார்த்தார். எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்ததுதான், ஒத்துக்கொள்கிறேன். கூட வந்த சிரஸ்தார் துரை சொன்னதைத் தமிழில் சொன்னார்: "இவ்வளவு லட்சணமான மாட்டை எவன் பயிரில் மேய விட்டான் என்று துரை கேட்கிறார். யார் காட்டில் மேய்ந்தது?"

"என்ற காட்டுலதானுங்க," என்றான் அத்தப்பன். கோட்டுக்குள்ளிருந்து தண்ணீர் ஓடியது.

"யார் மாடு?"

அங்கேதான் மாட்டிக்கொண்டது. இதை எதிர்பார்த்து நாங்கள் ஒன்றும் பேசிவைக்கவில்லை. என் பேரைச் சொன்னால் ஊர் நடுவில் என் மாட்டைக் கொண்டி மாடு என்று சொன்னதாகிவிடும். அந்த மட்டுக்கு அவனுக்கு என்னிடம் பயம் இருந்தது. இரவல் வாங்கினது என்று சொன்னால் மெம்பர் போய்விடும். திருதிருவென்று முழித்துவிட்டு, "தெரியலீங்க," என்றான்.

துரை ஜனங்களைப் பார்த்தார். யார் மாடு, முன்னால் வா என்று சிரஸ்தார் சத்தம் போட்டார். ஊரே திரும்பி என்னைப் பார்த்தது. கைக்குழந்தைகூடப் பார்த்தது. நான் வானத்தைப் பார்த்தேன். வடக்கே கொஞ்சம் மேகம் இருந்தது.

நீங்கள் ஏன் முன்னால் போகவில்லை என்கிறீர்கள். ஊர் முழுக்க நிற்கிறபோது, என் எருது அடுத்தவன் வெள்ளாமையில் வாய் வைத்தது என்று நான் என் வாயால் சொல்வதா? என் எருது வழியில் கிடக்கிற சோளத்தட்டைக்கூட என் முகத்தைப் பார்க்காமல் தொடாது. அத்தப்பன் ஒரு வார்த்தை, இரவல் மாடு என்று சொல்லியிருந்தால் முடிந்தது. அவன் வாயில் என்ன, கொழுக்கட்டையா? சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் கௌரவம் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள்களை எனக்கு ஆகவே ஆகாது.

துரை அங்கேயே நின்றபடி ஆர்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தண்டோரா போடு, ஆள் வராவிட்டால் ஏலம் விடு. குதிரை ஏறிப் போய்விட்டார்.

கேட்டைத் திறந்துவிடுங்கள் பிள்ளைவாள் என்றான் அத்தப்பன். பிள்ளை இருமி முடித்துவிட்டு, "துரை கையெழுத்துங்க. மாட்டுக்காரர் வந்து கேட்டால் திறக்கிறேன்," என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அத்தப்பன் பின்னாலேயே வந்தான்.

"மச்சான், 'என்னுது'ன்னு ஒரு வார்த்தை. அபராதம் நான் கட்டறேன்."

"நீ வந்து சொல்லு. பொய் சொன்னேன்னு சொல்லு."

"சொன்னா மெம்பர் போயிரும் மச்சான்."

"சொல்லாட்டி எம் மாடு கொண்டி மாடாயிரும் மாப்பிள்ளை."

"பேருதானுங்களே போகுது, மாடா போகுது?"

"உனக்கும் பேருதானே போகுது?"

இப்படியே பொழுது போய்விட்டது. அவன் அக்கா உள்ளே இருந்து வந்தாள். அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சோறு வேண்டுமா என்று ரெண்டு பேரையும் கேட்கவில்லை. போய்ப் படுத்துவிட்டாள்.

தண்டோரா வந்தது. தமுக்கடிக்கிற மாரன் எல்லாத் தெருவும் சுற்றிவிட்டுக் கடைசியில் என் வாசலில் வந்து நின்று அடித்தான். மயிலை எருது ஒன்று, காரி எருது ஒன்று, கொம்பில் குப்பி, கழுத்தில் மணி, உடையவர் வந்து கேட்டு வாங்கிக்கொள்ளவும்.

"ஏண்டா, எங் காதுல வந்து அடிக்கறே?"

"உங்க மாட்டுக்குத் தண்டோராங்க. உங்ககிட்டச் சொல்லாம வேற ஆருகிட்டப் போய்ச் சொல்றதுங்க?"

"ஆரு மாடுன்னு தெரியலேன்னு மெம்பரே சொல்லீட்டாரு. போ."

"போறனுங்க. கொஞ்சம் தண்ணி குடுங்க, கத்திக் கத்தித் தொண்டை காஞ்சு போச்சு."

வீட்டுக்காரிதான் கொண்டுவந்து ஊற்றினாள். அவனிடம் ஏலம் என்றைக்கு, யார் விடுகிறது என்று விசாரித்தாள். எதற்கு விசாரிக்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து மழை பெய்தது. நல்ல மழை. வருஷத்துக்கு ஒருதரம் அப்படிப் பெய்யும். பெய்தால் ஈரம் காய்வதற்குள் உழுது விதைத்துவிட வேண்டும். விட்டால் அந்த வருஷம் சோளம் இல்லை, தட்டு இல்லை, வீட்டில் அடுப்பும் இல்லை. சுற்றி எல்லாக் காட்டிலும் ஏர் பூட்டினார்கள். என் காடு மட்டும் குளித்துவிட்டுத் துணி இல்லாமல் நிற்கிறவன் மாதிரி நின்றது. பக்கத்துக் காட்டுக்காரன் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "நம்ம ஏரை நாளைக்கு ஓட்டிக்கறீங்களா?" என்று கேட்டான். எனக்கு மாடு இல்லாமலா இருக்கிறது என்றேன். இருந்தது. மதிலுக்குள் இருந்தது.

மாட்டைப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்பீர்கள். யாருடைய மாடோ, நான் ஏன் பார்க்க வேண்டும். சாயங்காலம் அந்தப் பக்கம் போகிறபோது கொஞ்சம் தட்டு கையில் இருந்தால் மதிலுக்கு மேலே போடுவேன். சும்மா எதற்குச் சுமக்கிறது என்று. எனக்கு அப்போது இருமல் வேறு. நான் இருமினால் உள்ளே காரி கத்தும். பிள்ளை கேட்டுக்குள்ளே நின்று, "என்னுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன், ஐயா. எனக்கே மனசு கேட்கவில்லை," என்பார். நான் திரும்பி வந்துவிடுவேன். அந்த வார்த்தை சொல்வதற்கு வேறு ஆளைப் பார்க்கட்டும்.

ஏலத்தன்று தாலுகாவிலிருந்து ஒரு குமாஸ்தா வந்தான். மேசை, நாற்காலி, மணி. ஊரான் எல்லாம் போய் நின்றான். நானும் கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றேன், நிழலுக்கு. குமாஸ்தா கூவினான். ஒருத்தன் வாய் திறக்கவில்லை. நம் ஊரில் ஒருத்தன் உயிரோடு இருக்கிறபோது அவன் உழவெருதை இன்னொருத்தன் ஏலம் கேட்க மாட்டான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கல் மாதிரி நின்றார்கள். குமாஸ்தாவுக்குக் கோபம்.

ஆனால் வெளியூர்த் தரகன் ஒருத்தன் வந்திருந்தான். கல்வண்டிக்கு மாடு பிடிக்கிறவன். கல்வண்டியில் பூட்டின மாடு ரெண்டாம் வருஷம் பார்க்காது, முட்டி போய்விடும். அவன் மயிலையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தான். ஒரு அடிமாட்டு விலை கேட்டான்.

அத்தப்பன் குடையைக் கீழே போட்டுவிட்டான். "நான் கேக்கறேன்," என்றான்.

"மெம்பர் கேட்கக் கூடாதுங்க," என்றார் பிள்ளை. "தொழுவுக்குச் சம்பந்தப்பட்டவர்கள் ஏலம் எடுக்கக் கூடாது. சட்டம்."

அவன் என்னைப் பார்த்தான். கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரிப் பார்த்தான். நான் என் மாட்டை நானே விலைக்கு வாங்கினால் என்னைவிட முட்டாள் உண்டா? நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். குமாஸ்தா ஒருதரம் என்றான். ரெண்டுதரம் என்றான்.

"தரகருக்கு மேல நான் தர்றேனுங்க."

பெண் குரல். நான் முதலில் யாரோ என்று நினைத்தேன். என் வீட்டுக்காரிதான். எருமை வெண்ணெய் விற்ற காசு, அவள் தாய்வீட்டுச் சீர் காசு, எல்லாம் சேர்த்துச் சுருக்குப்பையோடு மேசைக்கு முன்னால் நிற்கிறாள். நடவு நட்டுவிட்டு வந்தவள் மாதிரி சேலையைத் தூக்கிச் சொருகியிருக்கிறாள்.

தரகன் ஏற்றினான். அவளும் ஏற்றினாள். மறுபடி ஏற்றப் போனான். அவள் அவன் பக்கம் திரும்பி, "ஏனுங்க தம்பி, இந்த ஊர்க் கிணத்துத் தண்ணியைக் குடிச்சுப்போட்டுத்தானே ஏலத்துக்கு நிக்கறீங்க? திரும்பிப் போகவும் இதே ஊர் வழிதானுங்களே?" என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். துண்டு போட்டுக்கொண்டு நின்ற கல்லெல்லாம் ஒருதரம் அசைந்தது. தரகன் துண்டை உதறிக்கொண்டு பின்னால் போய்விட்டான்.

குமாஸ்தா ரசீது எழுத உட்கார்ந்தான். பேர் கேட்டான், சொன்னாள்.

"புருஷன் பேர்?"

நம் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள். சாமி பேர் அதுவாக இருந்தால் அந்தச் சாமியையே வேறு பேரில் கும்பிடுவாள். பக்கத்தில் யாராவது எடுத்துச் சொல்வார்கள், அதுதான் வழக்கம். அன்றைக்கு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானே வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டாள்.

"அதெதுக்குங்க? மாடு வாங்கறது நானு. என்ற பேரு போதும்."

குமாஸ்தா பிள்ளையைப் பார்த்தான். பிள்ளை, "பணம் கட்டினவர் பேர்தானுங்க," என்றார். எழுதிவிட்டான். சர்க்கார் முத்திரை குத்திவிட்டான்.

மாட்டை அவிழ்த்துக்கொண்டு போகிறபோது அத்தப்பன் எதிரில் நின்றான். அவள் அவனிடம் ஊர் கேட்கச் சொன்னாள்:

"டேய் அத்தப்பா. மச்சானும் மச்சினனும் உங்க பேரை ரெண்டு பக்கமும் புடிச்சு இழுத்ததுல என்ற எருமைக் காசு போச்சு. நாளைக்கு விடிஞ்சதும் கோட்டைக் கழட்டி வெச்சுப்போட்டு வந்து எங் காட்டை உழுது குடு. மெம்பர் வேலை அப்புறம்."

வீட்டுக்கு வந்து மாட்டைக் கட்டினாள். விடிகாலையில் கலப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டுத்தரைக்குப் போனேன். அங்கே அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"என்னுங்க?"

"மழை பெஞ்சிருக்குது."

"ஆமாங்க, பெஞ்சிருக்குது."

"ஈரம் காயுது."

"காயுமுங்க."

"மாடு..."

"மாட்டுக்கு என்னுங்க?"

நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, "குடு," என்றேன். அதைக் கேட்டது என்று சொல்ல முடியாது. சும்மா சொன்னதுதான். அவள் கயிற்றைக் கொடுத்தாள்.

அத்தப்பன் வந்தான். கோவணம், தலைத்துணி. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கலப்பையைப் பிடித்தான். முதல் சால் அவன்தான் ஓட்டினான். மயிலைக்கு அவன் குரல் பிடித்திருந்தது, துள்ளிக்கொண்டு போனது. சால் கோணல்தான். ஊரெல்லாம் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கிறது என்றார்கள், ஊருக்கு என்ன தெரியும். சாயங்காலத்துக்குள் விதைத்தும் ஆகிவிட்டது. ஈரம் இருந்தது. அந்த வருஷம் எங்கள் காட்டில் விளைந்த மாதிரி எந்தக் காட்டிலும் விளையவில்லை.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுதான் வேடிக்கை. ஏலப்பணம் முழுக்க போர்டுக்கு வருமானம். தாலுகாவிலேயே அதிகம் வரும்படி காட்டின தொழு எங்கள் தொழுதான் என்று துரை கூட்டத்தில் பாராட்டினாராம். மறுபடி மெம்பர். அதற்கு மறுபடி மறுபடி மெம்பர். மெடல் கொடுத்தார்கள், போட்டோ பிடித்தார்கள். பிள்ளை திரும்பப் பூசணி போட்டார். சாகிற வரைக்கும் அத்தப்பன் கோட்டோடுதான் இருந்தான். ஆனால் வருஷா வருஷம் முதல் மழை பெய்ததும் அக்காள் காட்டில் முதல் சால் ஓட்ட வந்துவிடுவான். அதை அவன் மகன்கள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

என்ன சொன்னார்கள்? படியுங்கள், எழுதினதைப் படியுங்கள்.

'மெம்பர் அவர்கள் தமது சொந்தச் செலவில் மைத்துனரின் எருதுகளை ஏலத்திலிருந்து மீட்டுக் கொடுத்த பெருந்தன்மை.' அப்படியா சொன்னார்கள்.

அடியுங்கள் அந்த வரியை. மெதுவாகப் பேசுங்கள், உள்ளேதான் இருக்கிறாள், நான் இதையெல்லாம் சொன்னேன் என்று தெரிந்தால் இன்னும் பத்து வருஷத்துக்குச் சிரிப்பாள். பாலம், சத்திரம், மெடல் எதை வேண்டுமானாலும் அவன் பேரில் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றுமில்லை. என் பேரும் வேண்டாம். அந்த இடத்தில் மட்டும் உள்ளதைப் போடுங்கள். நான் சொன்னேன் என்று வேண்டாம், நீங்களாகவே விசாரித்து எழுதினது போல இருக்கட்டும். மாட்டை மீட்டது, காட்டை உழவைத்தது, ரெண்டு ஆம்பிளைகளையும் ஒரு ஏரில் பூட்டினது, என் வீட்டுக்காரி தாயக்காள்.